பிணி அறியாமல் வாங்கிய மருந்து

நோயாளியின் நாடியைத் தொட்டும் பாராது, "எதற்கும் இந்த மருந்தைக் குடித்துப் பாரும், சுகப்படாவிட்டால் வேறொன்று தருகிறேன்" என்று கூறும் வைத்தியரிடம் நம்மில் எவரும் இரண்டாம் முறை போகமாட்டோம். ஆனால், வீட்டு வாயிலில் நிற்கும் பழைய மோட்டார் வண்டி விக்கவும் இருமவும் தொடங்கிவிட்டால், அதற்கு நாம் செய்விப்பது பெரும்பாலும் இந்த வகை வைத்தியமே. முதலிற் பிளக்கை மாற்றுவோம். சரிவராவிட்டால் கொயில். அதன் பின்னர் காபரேற்றர். பணப்பை இளைத்து முடிந்த பின்னரும் வண்டி முன்போலவே இருமிக்கொண்டு நிற்கும்.

பிறர்மேற் குறை கூறும் நோக்கத்தோடு இதனை எழுதுகிறேன் என்று எண்ணவேண்டாம். சென்ற தை மாதத்திலே இந்த வைத்தியத்தைச் செய்தவன் நானே. பௌதிகத்திற் பட்டம் பெற்று, அதனையே இருபது ஆண்டுகளாகக் கல்லூரி மாணவர்க்குக் கற்பித்தும் வருபவன் நான் என்பதையும் சற்று நாணத்தோடு கூறிவைக்கின்றேன். மோட்டார் வண்டிச் சங்கதிதானே என்று வீட்டுத் தலைவியர் இப்பக்கத்தைப் புரட்டிவிடவும் வேண்டாம்; இதிலே ஒரு சோடி தங்கக் காப்பும் சம்பந்தப்பட்டிருக்கின்றது.

என் தமக்கையாரின் கணவர், அதாவது என் அத்தான், 1982ஆம் ஆண்டிலே செய்யப்பட்ட டற்சன் 720 பிக்கப் ஒன்றை வைத்துச் சீவனம் நடத்துகிறார். விடியற்காலை நான்கு மணிக்கே ஏழாலைக்கும் புன்னாலைக்கட்டுவனுக்கும் போய், தோட்டங்களிலே கத்தரி, மிளகாய், வெங்காயம் முதலியவற்றை ஏற்றித் திருநெல்வேலிச் சந்தையிற் கொண்டுவந்து இறக்குவார். பகலிலே சீமெந்து, மரம், கலியாண வீட்டுக் கதிரை, எது கிடைத்தாலும் ஏற்றுவார். பழைய வண்டியை விற்றுவிட்டுப் புதியது வாங்கலாமே என்று கேட்பவர்களுக்கு நாட்டு நடப்புத் தெரியாது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025இல் மீண்டும் வழி திறந்தபோது வரியும் விலையும் ஏறி நின்ற உயரத்துக்கு அத்தானைப் போன்றவர்களின் கை எட்டவில்லை. ஆகவே நாற்பது வயதைக் கடந்த அந்த வண்டியே அவர்கள் வீட்டு அடுப்பை எரித்துக்கொண்டிருந்தது.

மார்கழி கடைசியில் வண்டிக்கு வருத்தம் தொடங்கிற்று. நிற்கும் வேளையில் எஞ்சின் குலுங்கும், 'மிஸ்' அடிக்கும், சந்தியிலே நிறுத்தினால் நின்றுபோகும். புகையும் கறுப்பாக வந்தது. பெற்றோலோ முன்னிலும் மிக அதிகமாகச் செலவாயிற்று. அத்தான் என்னிடம் வந்தார். "நீர்தான் விஞ்ஞானம் படிச்சனீர், ஒருக்கால் பாரும்" என்றார்.

நான் பொனற்றைத் திறந்து பார்த்தேன். பெற்றோல் வடிகட்டியின் அடியிலே செம்மண்ணிறமாக ஏதோ படிந்திருந்தது. உடனே என் மனத்திலே ஒரு கதை உருவாகிவிட்டது. 2022இல் எரிபொருள் இன்றி நாம் பட்ட பாட்டை எவரும் மறந்திருக்கமாட்டார்கள். நாட்கணக்கில் வரிசையிலே நின்றோம், பின்னர் கியூ.ஆர். அட்டையைக் காட்டி வாரத்துக்கு இத்தனை லீற்றர் என்று அளந்து பெற்றோம். அக்காலத்தில் அத்தானுடைய வண்டியின் தாங்கி பல வாரங்கள் ஏறக்குறைய வெறுமையாகவே கிடந்தது. வெறுந்தாங்கியினுள் ஈரக்காற்றுப் பட்டால் இரும்பு துருவேறும். அந்தத் துரு வடிகட்டியையும் தாண்டிக் காபரேற்றரின் நுண்ணிய துவாரங்களை அடைத்துவிட்டது, சங்கதி முடிந்தது! கதை எவ்வளவு பொருத்தமாக இருந்ததென்றால், வேறு எதனையும் பார்க்கவேண்டிய அவசியமே எனக்குத் தோன்றவில்லை. பழுது பார்த்த காபரேற்றர் ஒன்றை 35,000 ரூபாவுக்கு வாங்கிப் பூட்டுவித்தேன். பணம் அத்தானுடையது. கையோடு கையாகப் பொயின்ற், கொண்டென்சர், பிளக் ஆகியவற்றையும் மாற்றுவித்தேன்.

வண்டி முன்போலவே குலுங்கிற்று.

பின்னர் அத்தான் ஒரு கராஜுக்குக் கொண்டுபோனார். அங்கே இருந்தவர் சைலன்சரின் பின்னாற் சென்று புகையைப் பார்த்தார், தலையை அசைத்தார். எஞ்சின் தேய்ந்துவிட்டது, இறக்கிப் போர் பண்ணிப் பிஸ்ரனும் றிங்கும் மாற்றவேண்டும், 3 இலட்சத்துக்குக் குறையாது என்றார். அன்று மாலை நான் அங்கே போனபோது தமக்கையார் ஒன்றும் பேசாமல் அலுமாரியின் அடித்தட்டிலிருந்து இரண்டு காப்புகளை எடுத்துக் கைக்குட்டையிலே முடிந்து மேசைமேல் வைத்திருந்தார். மூத்த மகளின் பல்கலைக்கழகச் செலவுக்காகச் சங்கிலி ஏற்கெனவே அடகிலே இருந்தது. முடிச்சைப் பார்த்தபோது அந்த 35,000 ரூபா என் நெஞ்சிலே குத்திற்று. "இரண்டு நாள் பொறுங்கோ அக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

எங்கள் ஊரின் தெற்கு எல்லையிலே ஒரு பெரியவர் இருக்கிறார். எண்பதை நெருங்கும் வயது. மோட்டார் மெக்கானிக்காக இருந்து ஓய்ந்தவர். அவரை நினைக்கும்போது எனக்கு 1990ஆம் ஆண்டின் பின்னரான காலமே நினைவுக்கு வரும். யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டுப்போக, மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் கேம்பிறிஜ்ஜும் மண்ணெண்ணெயில் ஓடிய காலம் அது. எனக்கு அப்போது பத்து வயது. சாரதி ஒரு சிறு போத்தலிலே பெற்றோலை மருந்துபோல வைத்திருப்பார். காபரேற்றரிலே சில துளி விட்டு எஞ்சினைக் கிளப்பி, அது சூடேறிய பின்னர் மண்ணெண்ணெயிற் செலுத்துவார். வீதி முழுவதும் குப்பி விளக்கு மணம் வீசும்.

அதன் காரணத்தைப் பிற்காலத்திலேதான் புத்தகத்திற் படித்தேன். மண்ணெண்ணெய் ஏறத்தாழ 38 பாகை செல்சியசுக்குமேற் சூடானால் மட்டுமே தீப்பற்றத்தக்க அளவு ஆவியைத் தரும். பெற்றோலோ உறைபனிக் குளிரிலும் ஆவியாகும். ஆகவே குளிர்ந்த எஞ்சினை மண்ணெண்ணெயாற் கிளப்புதல் அரிது. ஓடத் தொடங்கிய பின்னரும் தொல்லை தீராது. எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர்ச் சுவரால் வழிந்து எஞ்சின் எண்ணெயோடு கலக்கும். அளவுகோலை இழுத்துப் பார்த்தால் எண்ணெய் குறைவதற்குப் பதிலாகக் கூடியிருக்கும்! பிளக் கரிபிடிக்கும். மேடு ஏறும்போது எஞ்சினுள் சுத்தியலால் தட்டுவதுபோல ஓசை எழும். இத்தனைக்கும் நடுவிலே மாற்றுவதற்கு ஒரு பொயின்ற் தானும் கடையில் இல்லை. இல்லாத பொருளை மாற்றிப் பார்க்க இயலாதாகையால், அக்காலத்து மெக்கானிக்குகள் காதாலும் மூக்காலும் விரலாலும் காரணத்தைத் தேடிக் கண்டுபிடிக்கப் பழகினார்கள். இன்று எல்லாப் பொருளும் கடையிற் கிடைக்கின்றன. தேடும் பழக்கந்தான் அருகிவிட்டது.

பெரியவர் மறுநாட் காலை வந்தார். கையிலே ஒரு துணிப்பை. பொனற்றைத் திறக்குமுன் கதிரை கேட்டு வாங்கி அமர்ந்துகொண்டார். நான் துருவின் கதையை ஆரம்பித்தேன். "மாஸ்ரர், நீங்கள் கொஞ்சம் பேசாமல் இருங்கோ. வண்டி ஓட்டுறவர் சொல்லட்டும்" என்றார். வகுப்பறையில் நான் மாணவர்க்குச் சொல்லும் வார்த்தை எனக்கே திரும்பி வந்தது.

"தம்பி, காலமை ஸ்ராட் பண்ணேக்கை எப்பிடி?"

"சோக்கை இழுத்தால் ஒரே அடியிலை வரும் அண்ணை. அப்ப ஒரு குழப்பமும் இல்லை."

"சூடேறினாப் பிறகு?"

"சோக்கைத் தள்ளினவுடனை நடுங்கத் தொடங்கும். சந்தியிலை நிப்பாட்டினால் நூந்துபோகும்."

"றோட்டிலை விரட்டேக்கை?"

"நாப்பது ஐம்பதிலை போகேக்கை ஒண்டும் தெரியாது. லோட்டோடையும் இழுக்கும்."

"அப்ப சந்தியிலை நூராமல் இருக்க என்ன செய்யிறனீர்?"

அத்தான் சற்றுத் தயங்கினார். "சோக்கைப் பாதி இழுத்துவிட்டிட்டு ஓடுறனான்."

"அதுதான் புகை" என்றார் பெரியவர். பின்னர், "எஞ்சினை விடும். வண்டியிலை வேறை என்ன மாற்றம் கண்டனீர்?" என்று கேட்டார்.

"வேறை ஒண்டுமில்லை... பிரேக் கொஞ்சம் இறுக்கம். பலமா மிதிக்கவேணும். அது வேறை வருத்தம். பிறகு பாப்பம் எண்டு விட்டிட்டன்."

பெரியவர் ஒன்றும் கூறாது எழுந்தார்.

மாணவர்களுக்காக இந்த இடத்தில் ஒன்றை விளக்கிவிடுகிறேன். பெற்றோல் எஞ்சின் ஒழுங்காக ஓடுவதற்கு வேண்டியவை மூன்று. சிலிண்டரினுள் அகப்பட்ட வாயு நன்கு நெருக்கப்படவேண்டும். பெற்றோலும் காற்றும் தக்க அளவிற் கலந்திருக்கவேண்டும். 1 பங்கு பெற்றோல் முற்றாக எரிய நிறையளவில் ஏறத்தாழ 15 பங்கு காற்று வேண்டும். மூன்றாவதாக, குறித்த கணத்திலே பிளக்கில் நல்ல பொறி எழவேண்டும். எஞ்சின் எவ்வாறு அடம் பிடித்தாலும், பெரும்பாலும் இம்மூன்றில் எது குறைந்தது என்பதே வினா. புகையும் ஒருவகையில் விடை சொல்லும். கறுப்புப் புகை பெற்றோல் மிகுந்து எரியாது போவதைக் காட்டும். எஞ்சின் எண்ணெய் எரிந்தால் நீலப்புகை வரும். எஞ்சின் சூடேறிய பின்னும் ஓயாது வெண்புகை வருமாயின் தண்ணீர் உள்ளே கசிகின்றதோ என ஐயுறவேண்டும். றிங் தேய்ந்த எஞ்சின் எண்ணெயை எரிக்குமாதலால் அதன் புகை நீலமாக இருக்கும். அத்தானின் வண்டியிலே வந்தது கறுப்பு. அதுவும் சோக்கை இழுத்துவைத்து ஓட்டியதனால் அவரே உண்டாக்கிய கறுப்பு. நோயைத் தணிக்க நோயாளி தானே செய்த உபாயத்தை நோயின் குறியாகக் கொண்டுவிட்டார் கராஜ்காரர். இருந்தாலும் அவரை நான் பெரிதாகக் குற்றஞ்சாட்டமாட்டேன். அவரிடம் சோக்கைப்பற்றி எவரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

பெரியவர் புகையை ஒரு கண்ணாற் பார்த்ததோடு நிற்கவில்லை. எஞ்சினைச் சூடேற்றி நிறுத்திவிட்டு நான்கு பிளக்கையும் கழற்றினார். கழற்றிய ஒழுங்கிலேயே ஒரு பலகைமேல் அடுக்கினார். பின்னர் பையிலிருந்து ஓர் அமுக்கமானியை எடுத்தார். கண்ணாடி வெடித்துப்போன பழைய கருவி. கொயிலின் கம்பியைக் கழற்றிவிட்டு, அக்ஸிலரேற்றரை முழுதும் மிதித்தபடி ஸ்ராட்டரைச் சுழற்றச் சொல்லி, ஒவ்வொரு சிலிண்டராக அளந்தார். சதுர அங்குலத்துக்கு 142, 145, 140, 138 இறாத்தல். நான்கும் நல்ல அளவு. ஒன்றுக்கொன்று அதிக வேற்றுமையும் இல்லை. ஒரு சிலிண்டரில் அளவு தாழ்ந்திருந்தால் அதனுள் ஒரு கரண்டி எண்ணெய் விட்டு மறுபடியும் அளப்பார்களாம். அளவு ஏறினால் றிங் தேய்ந்திருக்கும். ஏறாவிட்டால் வால்விலே பழுது. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்து தாழ்ந்திருந்தால் அவற்றுக்கிடையே கஸ்கெற் போயிருக்கலாம். இங்கே அதற்கெல்லாம் வேலையில்லை.

"எஞ்சின் நல்லாயிருக்குது பிள்ளை. காப்பை உள்ளை வையும்" என்று பெரியவர் குசினிப் பக்கம் நோக்கிச் சொன்னார். அவருக்கு யார் காப்பின் கதையைச் சொன்னார்களோ அறியேன்.

அடுத்துப் பலகையிலிருந்த பிளக்குகளை எனக்குக் காட்டினார். முன் மூன்றும் கறுத்திருந்தன; பாதி இழுத்த சோக்கின் கரி அது. நான்காவதில் அந்தக் கரியே இல்லை, வெளிறிக் கிடந்தது. பிளக்குகளைப் பூட்டி எஞ்சினைக் கிளப்பி, சோக்கைத் தள்ளிவிட்டு, காய்ந்த தடித்த துணியாற் பிடித்து ஒவ்வொரு பிளக் வயராகக் கழற்றிப் பார்த்தார். முதல் மூன்றில் எதைக் கழற்றினாலும் எஞ்சின் மேலும் தடுமாறிற்று. நான்காவதைக் கழற்றியபோது ஏறக்குறைய ஒரு மாற்றமும் இல்லை. ஏற்கெனவே வேலை செய்யாதிருப்பவனை வீட்டுக்கு அனுப்பினால் வேலைத்தலத்தில் என்ன குறையப்போகிறது? நிற்கும் வேளையில் எஞ்சின் நிமிடத்துக்கு 750 சுற்றுச் சுற்றுமாயின், ஒவ்வொரு சிலிண்டரும் செக்கனுக்கு ஆறு முறைக்குச் சற்று அதிகமாக எரியும். அதிலே ஒன்று எரியாது போனால் வண்டி குலுங்குவதிற் புதுமை இல்லை. இந்தப் பரீட்சையை வாசகர்கள் வீட்டிலே செய்து பார்க்கவேண்டாம். அதிர்ச்சி பலமாகத் தாக்கும்; மின்னணுப் பொறி அமைப்புள்ள பிற்கால வண்டிகளில் அந்த அமைப்பே பழுதாகவுங் கூடும்.

இப்போது குறிகளை ஒன்றாக வைத்துப் பாருங்கள். சோக் என்பது காபரேற்றரின் வாயை மூடிக் காற்றைக் குறைத்துப் பெற்றோலின் விகிதத்தைக் கூட்டுவது. சூடான எஞ்சினும் சோக்கை இழுத்தால்தான் ஓடுகின்றது என்றால், அதற்குப் பெற்றோல் போதவில்லை, அல்லது எங்கிருந்தோ வேண்டாத காற்று வருகின்றது என்பதே பொருள். நான் முதலாவதை மட்டும் எண்ணிக் காபரேற்றரை மாற்றினேன். மாற்றியும் நிலைமை மாறாதபோது இரண்டாவதை எண்ணியிருக்கவேண்டும். எண்ணாமற்போனதற்கு நான்கு பொருட்களை ஒரே நாளில் மாற்றியதும் ஒரு காரணம். அவற்றுள் எதை நம்புவது, எதை ஐயுறுவது என்று தெரியாமற் குழம்பி நின்றேன்.

பெரியவர் ஒரு நீண்ட றப்பர்க் குழாயை எடுத்து, ஒரு முனையைக் காதிலே வைத்து, மறுமுனையைச் சுழலும் விசிறிக்கு எட்டாதபடி எஞ்சினின் உள்ளெடுப்புக் குழாய்களைச் சுற்றி மெதுவாக நகர்த்தினார். நான்காவது சிலிண்டரின் பக்கம் வந்ததும் நிறுத்தி, குழாயை என் காதிலே வைத்தார். பாம்பு சீறுவதுபோல ஓசை கேட்டது. அங்கேயிருந்து பெருவிரல் பருமனான ஒரு கறுத்த குழாய் சாரதியின் பக்கம் போகின்றது. அதுவே பிரேக்கை இலகுவாக்கும் பூஸ்ரருக்குப் போகும் குழாய். மேற்புறம் பார்வைக்குப் புதிதுபோல இருந்தது. பெரியவர் விரலால் அதன் அடிப்புறத்தைத் தடவினார். கிளிப்புக்கு அருகில் அரை அங்குல நீளத்துக்கு வெடித்திருந்தது. சவர்க்கார நீரை அந்த இடத்தில் ஒரு துளி விட்டார். நீர் உள்ளே இழுபட்டது, எஞ்சினின் ஓசை ஒரு கணம் மாறிற்று. குழாயைக் குறட்டால் வெடிப்புக்கு இப்பாலே நெரித்ததும் குலுக்கம் நின்று, எஞ்சின் தையல் இயந்திரம்போல ஓடியது. சிலர் இந்தச் சோதனைக்குச் சவர்க்கார நீருக்குப் பதிலாகப் பெற்றோலைத் தெளிப்பார்கள். சூடான எஞ்சின்மேல் அது தீயோடு விளையாடுவதாகும்.

இனி என்னுடைய பாடம். வெளிக்காற்றின் அமுக்கம் பாதரசத்தில் ஏறத்தாழ 30 அங்குலம். எஞ்சின் நிற்கும் வேளையில் ஓடும்போது, காபரேற்றரின் அடியிலுள்ள திரொட்டில் தகடு ஏறக்குறைய மூடியே இருக்கும், பிஸ்ரன்களோ உறிஞ்சிக்கொண்டிருக்கும். ஆகவே உள்ளெடுப்புக் குழாயினுள் அமுக்கம் 10 அங்குலமளவுக்கு இறங்கிவிடும். அந்த வேளையிலே வெடிப்பின் ஊடாக வெளிக்காற்று மிக்க வேகத்தோடு பாயும். எஞ்சின் அப்போது எடுக்கும் காற்றோ மிகச் சிறிது. அதனோடு ஒப்பிட இந்தக் களவுக் காற்று பெரும் பங்காகும். கலவை மெலிந்து, வெடிப்புக்கு அருகேயுள்ள சிலிண்டர் எரிய மறுக்கும். அக்ஸிலரேற்றரை மிதித்ததும் தகடு திறக்கும். உள்ளே அமுக்கம் ஏறும். வெடிப்பின் ஊடாக வருவது குறையும். சரியான வழியால் வரும் காற்றோ பன்மடங்கு பெருகும். குடத்திலே விட்ட ஒரு கரண்டி உப்பு நாவுக்குத் தெரியாது. கிண்ணத்தில் விட்டால் தெரியும். வீதியில் நன்றாக ஓடி, சந்தியிலே நூர்ந்துபோனதன் காரணம் இதுவே.

பிரேக்கின் இறுக்கமும் அதே வெடிப்பின் வேலைதான். பூஸ்ரர் என்பது எஞ்சினின் இந்த உறிஞ்சு வலுவைக் கடனாகப் பெற்றுக் காலின் பலத்தைப் பெருக்கும் கருவி. குழாய் வெடித்தால் கடன் கிடையாது. காலே முழுவதும் உழைக்கவேண்டும். ஒரு மாதத்துக்குமேலாக அத்தான் கனத்த லோட்டோடு அந்த வண்டியை ஓட்டியிருக்கிறார். மழை நாட்களிலே பாடசாலை விடும் நேரத்தில் என் மருமக்கள் இருவரும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் அதிலேதான் வந்தார்கள். எஞ்சினைத் திருத்துவதிலேயே நாங்கள் எல்லோரும் மூழ்கியிருந்தோம். 3 இலட்சம் செலவிட்டு எஞ்சினை இறக்கி ஏற்றும்போது அந்தக் குழாயைக் கழற்றி அப்படியே பூட்டியிருந்தால், காப்பும் போயிருக்கும், வருத்தமும் நின்றிருக்கும். அதற்குமேல் என்ன நேர்ந்திருக்கும் என்று நான் எண்ண விரும்பவில்லை.

பழைய வண்டி வைத்திருக்கும் வாசகர்களுக்குப் பெரியவர் வாயிலாகக் கேட்ட வேறு சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன். மழைக்காலக் காலைகளில் மட்டும் மிஸ் அடிக்கும் வண்டிக்குப் பிளக் வயரையும் டிஸ்ரிபியூட்டர் மூடியையும் பார்க்கவேண்டும். இருட்டிலே பொனற்றைத் திறந்து எஞ்சினை ஓடவிட்டு எட்ட நின்று பார்த்தால், நீலப்பொறி வழிதவறி ஓடுவதைக் கண்ணாலே காணலாம். சில மைல் நன்றாக ஓடி, பின் மூச்சு முட்டி நின்று, சற்று ஆறியதும் மறுபடியும் கிளம்பும் வண்டி பலரையும் ஏமாற்றும். கொயில் சூட்டில் சோர்வதும் உண்டு. பெற்றோல் தாங்கி மூடியின் காற்றுத் துவாரம் அடைபட்டிருப்பதும் உண்டு. நின்றவுடன் மூடியைத் திறந்து பாருங்கள்; காற்று உள்ளே இழுபடும் ஓசை கேட்டால் குற்றவாளி மூடியே. ஏற்றத்திலும் லோட்டோடும் மட்டும் வலுவிழந்தால் பெற்றோல் போதியளவு வந்து சேருகின்றதா என்று வடிகட்டியிலும் பம்பியிலும் தேடவேண்டும். கடற்கரை ஊர்களிலே உப்புக் காற்றுப் பட்டு, பற்றறியிலிருந்து வண்டியின் உடலுக்குச் செல்லும் வயரின் முனை பூத்துப்போய்ப் பல விசித்திரங்களை நடத்தும். அதனைச் சுரண்டிப் பூட்டச் செலவு ஒன்றுமில்லை.

எதனைச் செய்வித்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றைச் செய்வித்து, ஓட்டிப் பார்த்து, ஒரு கொப்பியிலே திகதியோடு எழுதிவையுங்கள். அத்தானின் வண்டிக்கு இப்போது அப்படி ஒரு கொப்பி இருக்கிறது. சின்ன மருமகள் எழுதுகிறாள். கராஜுக்குப் போகும்போது, நீங்களாகச் செய்துகொண்ட உபாயங்களையும் மறையாது சொல்லுங்கள்.

வெற்றிடத்தைத் தாங்கும் தடித்த குழாயாகப் பார்த்து ஓரடி வாங்கி, இரண்டு கிளிப்போடு பூட்டினோம். செலவு 1,400 ரூபா. சாதாரணத் தண்ணீர்க் குழாயைப் பூட்டினால் உறிஞ்சும்போது சப்பளிந்துவிடும் என்று பெரியவர் கடைக்குத் தாமே கூட வந்தார். பூட்டிய பின்னர் அத்தானைச் சாரதி ஆசனத்தில் இருத்தி, எஞ்சின் நிற்கையில் பிரேக்கை ஐந்தாறு முறை மிதிக்கச் சொன்னார். மிதி கல்லாக இறுகிற்று. "அப்பிடியே காலை வைச்சுக்கொண்டு ஸ்ராட் பண்ணும்" என்றார். எஞ்சின் கிளம்பியதும் மிதி காலின்கீழ் மெல்லத் தாழ்ந்தது. பூஸ்ரர் வேலை செய்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். தமக்கையார் கோப்பி கொண்டுவந்தார். பெரியவர் கூலி வாங்க மறுத்து, ஒரு பிடி வெங்காயம் மட்டும் பையிலே போட்டுக்கொண்டு போனார்.

கழற்றி வைத்த பழைய காபரேற்றர், குற்றம் எதுவும் இல்லாதது, இப்போது என் மேசையின்கீழ் ஒரு பெட்டியில் இருக்கிறது. உயர்தர வகுப்புக்குப் பேணூலியின் தத்துவம் கற்பிக்கும் நாளில் அதைக் கொண்டுபோய், ஒடுங்கிய கழுத்தின் ஊடாகக் காற்று விரையும்போது பெற்றோல் எவ்வாறு மேலெழுகின்றது என்று காட்டுகிறேன். 35,000 ரூபாவை மாதாமாதம் சிறிது சிறிதாக அத்தானுக்குத் திருப்பிக் கொடுத்துவருகிறேன். அவர் வேண்டாம் என்கிறார். தமக்கையார் வாங்கிக்கொள்கிறார்.